வேண்டாம் என்று சொல்ல முடியாமல் வாங்கிய மீன்

இரண்டு வருடங்களுக்கு முன், நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்கள் குவார்ட்டர்ஸின் முன்னறையில் நடந்தது இது. அப்போது என் மகள் யு.கே.ஜி. படித்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் வீட்டில் ஐந்தடி நீளத்தில் ஒரு கடல்நீர் மீன் தொட்டி உண்டு. ஆசை என் கணவருடையது. சுரங்கத்தில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். வீட்டுக்கு வந்தால் கண்ணுக்குக் குளிர்ச்சியாக ஏதாவது இருக்க வேண்டும் என்பார். பராமரிப்பு என்னுடையது. விலங்கியல் படித்தவள் என்பதால் அது தானாகவே என் தலையில் விழுந்தது. எந்த மீன் எதனோடு ஒத்துப்போகும் என்று தேடித் தேடிப் படித்து, ஓர் அட்டவணை எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தேன். ஒரு புது மீன் வாங்க ஒரு மாதம் யோசிப்பேன். "பொண்ணுக்கு வரன் பாக்கறவங்க கூட இவ்வளவு விசாரிக்க மாட்டாங்க" என்று கணவர் கேலி செய்வார்.

தொட்டியில் வேறு சில மீன்களோடும் ஓர் இறாலோடும், ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன்கள் இரண்டு இருந்தன. மகள் அவற்றைப் பெருசு, சிறுசு என்று கூப்பிடுவாள். வகுப்பில் அவள் வாயே திறப்பதில்லை என்று டீச்சர் இரண்டு முறை என்னை வரவழைத்துச் சொல்லியிருந்தார். நான் எதையாவது கேட்டால் என்னிடமும் சொல்ல மாட்டாள். ஆனால் வீட்டுக்கு வந்ததும், யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்று, அன்று நடந்ததையெல்லாம் அந்த இரண்டு மீன்களிடமும் சொல்வாள். யார் கிள்ளினார்கள், யார் டிபன் பாக்ஸில் என்ன இருந்தது, எல்லாம். நான் சமையலறையில் சத்தம் போடாமல் நின்று கேட்டுக்கொள்வேன். அவள் பள்ளிக்கூடம் எனக்குத் தெரிந்தது அந்த வழியாகத்தான்.

எதிர் குவார்ட்டர்ஸில் இருந்தவர் என் கணவருக்கு மேலே வேலை பார்த்தவர். எனக்குப் பிரசவ வலி வந்த அன்று கணவர் டியூட்டியில் இருந்தார். என்னைக் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது எதிர் வீட்டுக்காரரும் அவர் மனைவியும்தான். அந்த அம்மாவை அக்கா என்றே கூப்பிடுவேன். இரண்டு வருடங்களுக்கு முன் அக்காவின் கணவர் ரிட்டயர் ஆனார்.

எங்கள் ஊரில் ரிட்டயர் ஆனால் வேலையோடு வீடும் போய்விடும். குவார்ட்டர்ஸைக் காலி செய்கிறவர்கள், எடுத்துப்போக முடியாததை அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டுப் போவார்கள். ரோஜாத் தொட்டி, ஊஞ்சல், சில சமயம் வளர்த்த நாய். கொடுக்கிறவர்களின் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் வேண்டாமென்று சொல்ல வராது. எனக்கு வந்தது ஒரு மீன்.

அக்காவே வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே கையகலத்துக்கு ஒரு கிளாத்தி மீன். கடித்துக் குதறும் இனம், இறாலைக்கூட விட்டுவைக்காது என்று என் அட்டவணையில் சிவப்பு மையில் எழுதியிருந்தேன்.

"எட்டு வருஷமா வளத்தது. பையன் ஃபிளாட்ல தொட்டிக்கெல்லாம் இடமில்லைன்னுட்டான். ரொம்ப சாதும்மா, என் கையிலேயே வாங்கித் திங்கும். உன்கிட்ட இருந்தா எனக்கு நிம்மதி" என்றார். கண் கலங்கியிருந்தது.

அவர்கள் தொட்டியில் அது தன்னந்தனியாக இருந்தது. கடிக்க வேறு மீன் இல்லாததால்தான் அது சாது. எனக்கு அது நன்றாகவே தெரியும். "குடுங்கக்கா, நான் பாத்துக்கறேன்" என்றேன்.

கணவருக்கு ஃபோன் செய்தேன். "ஒத்துக்காதுன்னா திருப்பிக் குடுத்துடு" என்றார். "நீங்க வந்து குடுங்களேன்" என்றேன். "நானா? அவர் மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?" என்று வைத்துவிட்டார்.

அன்று மாலையே மந்தாரக்குப்பம் போய், தொட்டியை இரண்டாகத் தடுக்க பிளாஸ்டிக் வலைத் தட்டி ஒன்றை அளவாக வெட்டி வாங்கி வந்தேன். ஆனால் அக்கா ஊரைவிட்டுப் போக இன்னும் மூன்று நாள் இருந்தது. தினமும் வந்து பார்ப்பார். ஆசையாக வளர்த்ததை ஜெயிலில் போட்ட மாதிரி வைத்திருந்தால் மனசு நோகுமே என்று தோன்றியது. மூன்று நாள்தானே, கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். தட்டி பீரோவுக்குப் பின்னால் போனது.

மகள் கேட்டாள், "அம்மா, இது கடிக்குமா?"

"கடிக்காதுடா."

இரண்டாம் நாள் இறாலைக் காணவில்லை. இறால் ஓடு மாற்றும்போது இரண்டு மூன்று நாள் பாறைக்குள் ஒளிந்துகொள்ளும். படித்த படிப்பு இப்படிச் சமாதானம் சொல்லிக்கொள்ளத்தான் உதவியது. அக்கா வந்து பார்த்தார். எல்லா மீன்களும் அமைதியாகச் சுற்றிக்கொண்டிருந்தன. "பாத்தியா, நான் சொன்னேன்ல?" என்று சிரித்தார். அவர்கள் வண்டி ஏறிப் போன பிறகாவது நான் தட்டியைச் சொருகியிருக்க வேண்டும். மூன்று நாள் ஒன்றும் ஆகவில்லையே, வழக்கம்போல நாம்தான் தேவையில்லாமல் பயந்துவிட்டோமோ என்று நினைத்தேன். எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவள் என்று வீட்டில் எனக்கு ஏற்கெனவே பெயர். இந்த ஒரு தடவையாவது பயப்படாமல் இருப்போமே என்று பார்த்தேன்.

அவர்கள் போன மறுநாள் காலை ஷூ மாட்டிக்கொண்டே மகள் சொன்னாள், "அம்மா, அது சிறுசைத் துரத்துது."

வேன் வந்து ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது. "விளையாடுதுடா, வா வா" என்று இழுத்துக்கொண்டு போனேன்.

திரும்பி வந்து துணி துவைத்து, சமைத்து, முன்னறைக்கு வந்தபோது சிறுசு வாலில்லாமல் அடியில் கிடந்தது. பெருசு பாறை இடுக்கில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு பக்கத் துடுப்பே இல்லை. பீரோவுக்குப் பின்னாலிருந்து தட்டியை எடுத்துச் சொருகினேன். சிறுசை எடுத்துக் கண்ணில் படாமல் செய்துவிடலாம் என்று வலையைத் தேடிக்கொண்டிருந்தபோதே வேன் வந்துவிட்டது. அன்று அரை நாள் பள்ளி என்பதையும் மறந்திருந்தேன்.

மகள் பையோடு தொட்டி முன் நின்றாள். அழவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்து, "நீ விளையாடுதுன்னு சொன்னியே" என்றாள். அவ்வளவுதான். பெருசு இரண்டு நாள் கழித்துச் செத்தது. அதன் பிறகு அவள் தொட்டிப் பக்கம் நின்று ஒரு வார்த்தை பேசவில்லை. சமையலறையில் நின்று கேட்க எனக்கும் ஒன்றுமில்லாமல் போயிற்று.

கணவர் அட்டவணையைக் காட்டி, "எழுதினவளே நீதானே?" என்று ஒரே ஒரு முறை கேட்டார். அவர் மேலும் எனக்குக் கோபம்தான். ஆனால் கேள்வியில் தப்பில்லை. கிளாத்தி மேலும் தப்பில்லை. அதன் குணம் அது. இன்றும் நான்தான் தீனி போடுகிறேன்.

இதற்குப் பிறகு நான் செய்ததுதான் இன்னும் கேவலம். ஒரு வாரம் கழித்து அக்கா வீடியோ காலில் வந்தார். "எங்க செல்லம் எப்படிம்மா இருக்கு?" தட்டி தெரியாதபடி தொட்டியின் ஒரு பக்கத்தை மட்டும் காட்டினேன். "எல்லாத்தோடயும் நல்லா பழகிடுச்சுக்கா" என்றேன். சோஃபாவில் படம் வரைந்துகொண்டிருந்த மகள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஏதாவது கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மறுபடி குனிந்து கலர் அடிக்க ஆரம்பித்துவிட்டாள்.

போன மாதம் மகளைக் காய்ச்சலுக்கு ஊசி போட ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். "வலிக்காதுடா செல்லம்" என்றேன். அவள் என்னைத் தாண்டி நர்ஸைப் பார்த்து, "வலிக்குமா?" என்று கேட்டாள். "வலிக்கும் பாப்பா, கொஞ்ச நேரம்தான்" என்றார் நர்ஸ். உடனே கையை நீட்டிவிட்டாள்.

அடுத்தவர் மனசு நோகக் கூடாது என்று நான் பார்த்துப் பார்த்துப் பேசிய பேச்சுக்கெல்லாம், என் மகள் என் சொல்மேல் வைத்திருந்த நம்பிக்கைதான் விலையாகப் போயிருக்கிறது என்பது அந்த நீட்டிய சின்னக் கையைப் பார்த்தபோதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது.