மூன்றாவது போர்ட்டின் சந்தனப் பொட்டு

என் மேஜைமேல் ஒரு பழைய ரவுட்டர் இருக்கிறது. இப்போது கரண்ட் கொடுத்தாலும் விளக்கு எரியாது. அதில் ஒயர் சொருகும் மூன்றாவது போர்ட்டுக்கு மேலே காய்ந்து வெடித்த ஒரு சந்தனப் பொட்டு, நடுவில் துளி குங்குமம். துடைக்க வருகிறவர்களைக் கை ஓங்காத குறையாக விரட்டிவிடுவேன். அந்தப் பொட்டை வைத்தவர் லைன் அக்கா.

ஒரகடத்தில் கார் சீட்டுக்கு இரும்புச் சட்டம் வெல்டிங் செய்யும் தொழிற்சாலையில் நெட்வொர்க் வேலைக்கு நான் சேர்ந்த புதிது. சேரப்பணஞ்சேரியிலிருந்து வரும் அக்கா, அங்கே பழைய லைனுக்கு சூப்பர்வைசர். மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்கும் குரல். யாரையாவது கிண்டலடிக்காவிட்டால் அவருக்குப் பொழுது போகாது. எனக்கு 'ஒயர் மேடம்' என்று பெயர் வைத்திருந்தார். அந்த லைனுக்குத்தான் ஆபத்து வந்தது. அங்கிருந்த மெஷின்களின் கம்ப்யூட்டர்கள் அரதப் பழசு, வைரஸ் வந்தால் தடுக்கத் தெரியாதவை. தொழிற்சாலையில் ஆயுத பூஜை வைத்திருந்த அன்று மதியம் தலைமை அலுவலகத்திலிருந்து சோதனைக்கு வருகிறார்கள். அதற்குள் அவற்றைப் புதிய நெட்வொர்க்கோடு பாதுகாப்பாக இணைத்துக் காட்ட வேண்டும். இல்லையென்றால் லைனையே மூடிவிடுவார்கள். அக்காவுக்கும் அவரோடு நின்ற பெண்களுக்கும் வேலை போய்விடும்.

பழைய மெஷின்களுக்கும் புதிய நெட்வொர்க்குக்கும் நடுவே பாலமாக இந்த ரவுட்டரை வைத்தேன். எல்லாப் போர்ட்டையும் அடைத்துவிட்டு, மூன்றாவதில் மட்டும் பழைய மெஷின்களின் உற்பத்திக் கணக்கு போகலாம், வேறு எதுவும் போகக்கூடாது என்று விதி எழுதினேன். காலையில் அருமையாக ஓடியது. எனக்குத் தரையில் கால் பாவவில்லை! பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு திரும்பி வந்து பார்த்தால், திரையில் ஒன்றுமே இல்லை. விதிகளை வரி விடாமல் படித்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தன. சோதனைக்காரர்களின் வண்டி கேட்டுக்கு வந்துவிட்டதாக செக்யூரிட்டி போன் செய்தார். அப்போதுதான் நிமிர்ந்து ரவுட்டரைப் பார்த்தேன். புதுசு மாதிரிப் பளபளவென்று இருந்தது, மேலே ஈரம் காயாத விபூதிப் பட்டையோடு.

"அக்கா, இதை யாரு தொடைச்சது?"

"நான்தாம்மா. இம்மாந் தூசி கீது, அப்டியேவா பூஜ போடறது?"

"ஒயரையெல்லாம் புடுங்கினீங்களா?"

"புடுங்காம எப்டி தொடைக்கிறது? தொடைச்சிட்டு எல்லாத்தையும் ஜோரா சொருகிட்டேன்."

அட கடவுளே! பழைய மெஷின்களின் ஒயர் ஐந்தாவது போர்ட்டில் இருந்தது. நான் எழுதிய விதி கொஞ்சமும் இரக்கமில்லாமல் அதை வெளியே நிறுத்திவிட்டது. அழுவதா சிரிப்பதா தெரியவில்லை. பிடுங்கி மூன்றாவதில் சொருகினேன். பச்சை விளக்கு! கணக்கு மளமளவென்று திரையில் இறங்கியது. வந்தவர்கள் தங்கள் லேப்டாப்பை மற்ற போர்ட்டுகளில் சொருகி உள்ளே நுழையப் பார்த்தார்கள், ஒன்றும் பலிக்கவில்லை. லைன் ஓடலாம் என்று அவர்கள் சொன்னதும் அக்கா போட்ட கூச்சலில் பெண்கள் எல்லோரும் ஓடிவந்துவிட்டார்கள். "ஒயர் மேடம்னா சும்மாவா!" என்று என் கன்னத்தைக் கிள்ளியவர், கிண்ணத்திலிருந்து சந்தனம் எடுத்து மூன்றாவது போர்ட்டுக்குமேல் அழுத்தி ஒரு பொட்டு வைத்து, நடுவில் துளி குங்குமமும் இட்டார். "இனிமே எவ தொடைச்சாலும் தப்பாவாது."

இப்போது நான் மறைமலை நகரில் வேறு கம்பெனியில் இருக்கிறேன். இந்த ரவுட்டர் பழுதானதும், குப்பையில் போட விடாமல் வாங்கி எனக்கு அனுப்பிவைத்தவரும் அக்காதான். இன்று காலை போன் செய்தார். எடுத்ததும் காது கிழிகிற சத்தம். அந்தப் பழைய மெஷின்களேதான், சடசடவென்று வெல்டிங் அடித்துக்கொண்டிருந்தன.

"ஒயர் மேடம், புதுப் பொட்டி மாட்டிகீறாங்க. சந்தனத்தை கொழைச்சிக்கினு நிக்கறேன். எந்த ஓட்டைன்னு சீக்கிரம் சொல்லு!"