ரோஸ்லின் டீச்சர் வீட்டுக் கைப்பிடி

ரோஸ்லின் டீச்சர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததற்கு நான்தான் காரணம். மழை அல்ல, வழுக்கிய படி அல்ல, அவருடைய வயதும் அல்ல... நான்!

உங்களிடம் பணிவு காட்டி நடிக்க மாட்டேன். அடையாறிலிருந்து சாந்தோம் வரை அலுமினியம் வெல்டிங்கில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இன்றைக்கும் மார்தட்டிச் சொல்வேன். தெரியாமல் செய்தவன் என்று தப்பிக்க எனக்கு வழியே இல்லை.

அலுமினியத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத தோல் ஒன்று உண்டு. காற்றுப் பட்டாலே படியும். கடற்காற்றில் கேட்கவே வேண்டாம். உள்ளே உலோகம் உருகி ஓடினாலும் அந்தத் தோல் உருகாது. எவர்சில்வர் கம்பி பிரஷால் அதைத் தேய்த்தெடுத்த பிறகுதான் நெருப்புக் காட்ட வேண்டும். அதற்கென்றே தனி பிரஷ் வைத்திருக்கிறேன்.

சாந்தோமில் டீச்சர் வீட்டு வாசற்படிக்கு அலுமினியக் கைப்பிடி போடப் போன அன்று, அந்த பிரஷைப் பட்டறையிலேயே விட்டுவிட்டேன். என் கைக்கு அதெல்லாம் எதற்கு என்று நினைத்தேன்... திமிர்! வேறென்ன?

ஜாயின்ட் கறுத்து, பொடிப்பொடியாய் ஓட்டை விழுந்து வந்தது. உள்ளே சேரவில்லை, மேலே ஒட்டிக்கொண்டு நிற்கிறது என்று பார்த்ததுமே தெரிந்தது. அறுத்துவிட்டு மறுபடி செய்திருக்கலாம். பாலிஷ் மிஷினை எடுத்தேன். பத்தே நிமிடம்... முகம் பார்க்கலாம், அப்படி மின்னியது!

"ஜாயின்ட் எங்க இருக்குன்னே தெரியலயே, பாய்!" என்று டீச்சர் தடவித் தடவிப் பார்த்தார். நான் சிரித்துக்கொண்டு நின்றேன்.

மூன்றாம் மாதம் அவர் கைப்பிடியில் சாய்ந்தபோது அந்த ஜாயின்ட் விட்டுப்போயிற்று.

உண்மையைச் சொல்லத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நான் வாய் திறக்குமுன் அவரே, "உங்க மேல தப்பில்ல பாய். நான்தான் மொத்த வெயிட்டையும் போட்டுட்டேன்" என்றார். வெயிட்டைப் போடத்தானே கைப்பிடி! ஆனாலும் தலையாட்டிவிட்டு வந்தேன்... வெட்கமாயிருக்கிறது.

பிறகு புதிதாகவே செய்து கொடுத்தேன். தேய்த்து, துடைத்து, முறைப்படி. பாலிஷ் போடவில்லை, வெல்டிங் வரிகள் அப்படியே தெரிந்தன. யானை தொங்கினாலும் தாங்கும்!

வாக்கரைப் பிடித்து வந்து பார்த்த டீச்சருக்கு முகம் வாடியது.

"முன்ன போட்டது எவ்ளோ அழகா இருந்துச்சு! அதே மாதிரி பளபளன்னு பண்ணக்கூடாதா, பாய்?"

"வேணாம் டீச்சர். இதுதான் கெட்டி."

"அப்ப அது ஏன் உடைஞ்சுது?"

கேட்டே விட்டார்... நேருக்கு நேராக, என் முகத்தைப் பார்த்து!

"கடல் காத்து, டீச்சர்" என்றேன்.