வலிக்காத அக்காவும் மாறிப்போன மாத்திரையும்

அந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளை எல்லோரும் வலிக்காத அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஏதோ ஒரு குழந்தை வைத்த பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டது. வயது ஐம்பத்திரண்டு. அதில் இருபத்தெட்டு வருடம் ஊசியும் கையுமாகப் போயிருக்கிறது. கைக்குழந்தைகளின் நரம்பு நூல் மாதிரி இருக்கும். கண்ணால் தேடுகிறவர்களுக்கு லேசில் அகப்படாது. அவள் விரல் நுனியால் தடவியே கண்டுபிடிப்பாள். குழந்தை அழலாமா வேண்டாமா என்று யோசித்து முடிப்பதற்குள் பஞ்சை வைத்து அழுத்தியிருப்பாள். அக்காதான் எடுக்க வேண்டும் என்று ஒரு மணி நேரம் காத்துக் கிடக்கிற தாய்மார்கள் உண்டு. அதில் அவளுக்குப் பெருமைதான், அதை அவள் மறைத்ததும் இல்லை.

அவளுக்கே பதினோரு வருடமாகத் தைராய்டு குறைவு. எழுந்ததும் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, ஒரு மணி நேரம் கழித்துக் காபி. மாத்திரை வாங்கி வருவது கணவர் பொறுப்பு. லிப்ட் பழுது பார்க்கிற மனிதர், சொன்ன வேலையைச் சொன்னபடி செய்கிறவர். ஒருமுறை வழக்கமான கம்பெனி மாத்திரை கடையில் இல்லை. மருந்தும் அதுதான், அளவும் அதுதான், கம்பெனி மட்டும் வேறு என்று கடைக்காரர் வேறொன்றை நீட்ட, இவரும் மண்டையை ஆட்டிவிட்டு மூன்று மாதத்துக்குச் சேர்த்தே வாங்கி வந்துவிட்டார்.

வலிக்காத அக்கா அதைச் சும்மா விடவில்லை. இருபது அடி தூரத்தில் தைராய்டு பார்க்கிற மெஷின் இருக்கும்போது எதற்குச் சந்தேகம்? புது மாத்திரை ஆரம்பித்த பத்தாம் நாள், வேலை முடிந்த கையோடு உடன் வேலை பார்க்கும் மீசைக்காரரிடம் கையை நீட்டி ரத்தம் கொடுத்தாள். தைராய்டு கணக்கைச் சொல்லும் டி.எஸ்.எச். கச்சிதமாக இருந்தது. அப்பாடா என்று தாளை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு, மாத்திரை விஷயத்தையே மறந்துபோனாள்.

ஐந்தாவது வாரம் கை நடுங்க ஆரம்பித்தது. முதலில் டம்ளரைப் பிடிக்கும்போது, பிறகு ஊசியைப் பிடிக்கும்போது. படுத்தால் தூக்கம் வரவில்லை, மாடிப்படி ஏறினால் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. வயசாகிவிட்டது, வேறென்ன என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. எட்டு மாதக் குழந்தை ஒன்றின் கையில் இரண்டு தடவை குத்தியும் நரம்பு அகப்படாமல், குழந்தை வீறிட்டு அழ, ஊசியை மீசைக்காரரிடம் கொடுத்துவிட்டுக் கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதாள். மறுநாள் கூடத்தின் பொறுப்பாளரான லேப் மேடத்திடம் போய், இனிமேல் என்னை முன்மேஜையில் போடுங்கள் என்று கேட்டாள். மேடம் காரணம் கேட்டதற்கு முட்டிவலி என்று ஒரு புளுகு.

முன்மேஜையில் பெயர் எழுதுவதும் தேதி சொல்வதும்தான் வேலை. உள்ளே குழந்தை அழும் சத்தம் கேட்கும்போதெல்லாம் பேனா நின்றுவிடும். நாலாம் நாள் ஒரு பெண் வந்தாள். போன வாரம்தான் தைராய்டு மாத்திரையை மாற்றினார்களாம், இன்றைக்கே பார்த்துவிட வேண்டுமாம்.

"மாத்தி ஆறு வாரமாவது ஆகணும்மா," என்றாள் வலிக்காத அக்கா. ஆயிரம் பேருக்குச் சொன்ன பாடம், யோசிக்காமலே வந்தது. "இப்பவே எடுத்தா உடம்பு பழைய கணக்கைத்தான் காட்டும். எல்லாம் சரியா இருக்குன்னு நினைச்சு ஏமாந்துடுவீங்க."

சொல்லி முடித்ததும் கைப்பையைத் துழாவி, மடித்துப் போட்ட அந்தத் தாளை எடுத்துத் தேதியைப் பார்த்தாள்: மாத்திரை மாற்றிய பத்தாம் நாள். எதிரே நின்ற பெண், என்னங்க ஆச்சு என்று கேட்டாள்.

லேப் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது. மற்றவர்கள் சொன்ன தேதிக்கு வருவார்கள். இவர்களுக்கு மெஷின் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் பொறுமை கிடையாது. அன்றே மறுபடி ரத்தம் கொடுத்தாள். டி.எஸ்.எச். அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது, அதாவது உடம்பில் மருந்து கூடிப்போயிருந்தது. அட்டையில் எழுதியிருக்கும் அளவு ஒன்றாகவே இருந்தாலும், உடம்பு எடுத்துக்கொள்வது கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும், பலருக்கு ஒன்றும் தெரியாது, சிலரைப் படுத்திவிடும் என்றார் டாக்டர். பழைய கம்பெனிக்கே திரும்பி, இனி அதை மாற்றாமல் இருக்கச் சொன்னார். மறுபடி ஆறு வாரம்.

கணவருக்கு முகம் செத்துப்போனது. நான் சும்மா மண்டையை ஆட்டிட்டு வந்துட்டேனே என்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பழைய அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கி, அதே மாத்திரையைத் தேடிப் பிடித்து வந்தார்.

ஆறு வாரமும் போனது. அளவு சரியான இடத்துக்கு வந்தது, நடுக்கம் நின்றது, தூக்கமும் வந்தது. ஆனால் பயம் போகவில்லை. திங்கட்கிழமையிலிருந்து உங்கள் நாற்காலிக்குப் போங்கள் என்று மேடம் சொன்னபோது அது இன்னும் கூடியது. முதலில் ஒரு குழந்தை வந்தால்? கை அன்றைக்குப் போலவே காலை வாரிவிட்டால்? இதைக் கணவரிடம் சொன்னாள்.

திங்கட்கிழமை காலை கூடம் திறந்ததும் முதல் ஆளாக அவர் உள்ளே வந்து உட்கார்ந்தார். அவளால் நம்ப முடியவில்லை. பன்னிரண்டு மாடி உயரத்தில் லிப்டுக் குழிக்குள் தொங்கிக்கொண்டு வேலை பார்க்கிற மனிதர், ஊசி என்றால் கம்பி நீட்டிவிடுவார். கல்யாணமான இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அவள் கையில் சிக்கியதில்லை.

"சுகர் பாக்கணும்னு ரெண்டு வருஷமா சொல்றியே," என்றார். "வெறும் வயித்தோடதான் வந்திருக்கேன்."

"பயமா இல்லையா உங்களுக்கு?"

"பயம்தான். நீ எடு."

கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டினார். நெற்றியெல்லாம் வேர்வை. அவள் பட்டையைக் கட்டி, முழங்கை மடிப்பில் விரலை வைத்துத் தடவினாள். நரம்பு தட்டுப்பட்டது.

கொஞ்ச நேரம் கழித்து அவர் கண்ணைத் திறக்காமலே கேட்டார்: "குத்தப்போறப்ப சொல்லிடு, என்ன?"

அவள் அதற்குள் ரத்தம் நிரம்பிய குழாயில் அவர் பெயரை எழுதிக்கொண்டிருந்தாள்.