விண்கப்பலுக்கு உடைச்ச தேங்காய்

இத்தாலியிலை, பலெர்மோவிலை நான் கட்டினதுகளைச் சொல்லுறன். வியா மக்வேதாவிலை ஒரு துணிக்கடைக்குள்ளை மேல்தட்டு. எங்கட ஆக்கள் கும்பிடுற அறைக்குச் சாமி மேடை. லிபெர்த்தாத் தெருவிலை நான் வேலை செய்த வீட்டுச் சிஞ்ஞோராவின்ரை நாய்க்கு மாடிவீடு. பிறகு ஒரு விண்கப்பல். எல்லாம் ஐந்தாம் வகுப்புப் படிப்போடை. முதல் மூண்டும் பெர்மெஸ்ஸோ எண்ட வதிவிட அனுமதி கைக்கு வர முதலே.

சிஞ்ஞோராவின்ரை மனுசன் பள்ளிக்கூட அதிபர். தொண்ணூறுகளின்ரை நடுவிலை, விண்வெளிக்குப் போய்வந்த ஒருத்தர் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வாறார் எண்டு முடிவாச்சு. பிள்ளைகள் ஏறிப் பார்க்க விண்கப்பல் மாதிரி ஒண்டு வேணுமாம். தச்சன் வந்து பார்த்துச் சிரிச்சுப்போட்டுப் போனான். நான் சிரிக்கேல்லை. சியாகுல்லித் தோட்டங்களிலை இருந்து மாண்டரின் தோடம்பழப் பெட்டிகளைக் கொண்டுவந்து பலகை கழட்டினன். பழுதாப்போன உடுப்புத் தோய்க்கிற மெஷினின்ரை வட்டக் கதவு ஜன்னலாச்சு. அதிபர் செய்தது வெள்ளிப் பெயின்ற் அடிச்சது. அதுவும் ஒரு பக்கம்தான்.

விழாவுக்கு முதல்நாள் கப்பல் வாசலிலை ஒரு அட்டை தொங்கினது. 'உருவாக்கம்: அதிபர்.' என்ரை பேர் எங்கை எண்டு கேட்டன்.

"விழா முடியட்டும், பாப்பம்" எண்டார்.

பேர் இல்லாட்டிலும் வாகனம் என்ரை. புது வாகனத்துக்குத் தேங்காய் உடைக்காமல் ஆரும் ஏறுறதோ? பையிலை தேங்காயோடை வெளிக்கிட, என்ரை மனுசி சிரிச்சா.

"இஞ்சருங்கோ, எழும்பாத கப்பலுக்கு ஏன் தேங்காய்?"

"கப்பல் எழும்பாட்டிலும் மனுசன் ஏறுறான் எல்லோ!"

விண்வெளிக்காரர் படியிலை கால் வைக்கிற நேரம் பார்த்து, நிலத்திலை ஓங்கி அடிச்சன். மண்டபம் அதிர்ந்தது. மாஃபியாக்காரர் குண்டு வைச்ச அந்த வருசங்களிலை பலெர்மோவிலை பெரிய சத்தம் கேட்டால் ஒருத்தரும் நிண்டு யோசிக்கிறேல்லை. காவலுக்கு வந்த பொலிஸ்காரர் கதிரைக்குக் கீழை. அதிபர் மேசைக்குக் கீழை. அங்கையிருந்து விரலை மட்டும் நீட்டினார்.

"இவர்தான் செய்தது! இவரேதான்! எனக்கு ஒண்டும் தெரியாது!"

நிண்டது ரண்டு பேர், நானும் விண்வெளிக்காரரும். அவர் விசயத்தைக் கேட்டார். "எங்களை ஏத்தி அனுப்பேக்கையும் இப்பிடி ஏதாவது செய்யிறவை" எண்டு சொல்லி, ஒரு தேங்காய்ச் சொட்டைக் கடிச்சுக்கொண்டு என்ரை கப்பலுக்குள்ளை ஏறினார். ஆள் நல்ல பாரம். ஒரு ஆணி கழரேல்லை.

விழா முடிஞ்சு எவ்வளவு காலமாச்சு. அட்டை இண்டைக்கும் அப்பிடியே தொங்குது. அதிபர் ஐயா, தேங்காய்க்கு எல்லாருக்கும் முன்னாலை என்னைக் காட்டின அதே விரலாலை, கப்பலுக்கும் காட்டுங்கோ. அட்டையிலை இடம் காணாட்டில் உங்கட பேரைச் சின்னனா எழுதுங்கோ.