பிளாஸ்திரிக்கு மேல் ஊமத்தை இலை

எங்கள் வீட்டில் மல்லிகைத் தோட்டம் இருந்தது, என் தலையில் பூ இருந்ததில்லை. கல்யாணமாகிக் குமணன்சாவடிப் பக்கம் வந்த புதிதில் எனக்கு அது பெரிய மனக்குறை. விடியுமுன் பறித்த அரும்பெல்லாம் ஈரச்சாக்கு போர்த்திக்கொண்டு பட்டணத்துக்குப் போய்விடும். எனக்கு மிஞ்சியது அந்தச் சாக்கின் வாசனைதான். இன்றைக்கும் ஈரச்சாக்கு எங்காவது மணந்தால் நின்றுவிடுகிறேன்.

யுத்தத்துக்காக ஆவடிப் பக்கம் பட்டாளம் வந்து இறங்கிய காலம். என் வீட்டுக்காரருக்குக் குனிந்து குனிந்து பூப் பறித்தே முதுகுத்தண்டு பிடித்துக்கொண்டது. உட்கார்ந்தால் எழ முடியாது, எழுந்தால் உட்கார முடியாது. பூந்தமல்லி டாக்டர் இடுப்புக்கு மேலே பெல்லடோனா என்ற வலிமருந்து தடவிய பிளாஸ்திரி ஒட்டி அனுப்பினார். அவர் சொன்னதை இவர் வந்து எங்களிடம் சொல்லிச் சிரித்தார்.

"வாய் காஞ்சா, கண்ணு மங்குனா, நெஞ்சு படபடன்னா உடனே பிச்சிப் போட்டுட்டு வரணுமாம். சித்திர வெயில்ல தோட்டத்துல நிக்கிறவனுக்கு வாய் காயாம, தேனா சொட்டும்?"

வலி குறைந்தது, ஆனால் போகவில்லை. மாமியாருக்குப் பொறுக்குமா? வரப்பில் கிடந்த ஊமத்தை இலையைப் பறித்து விளக்கெண்ணெயில் வதக்கி, பிளாஸ்திரி மேலும் அதைச் சுற்றியும் பரப்பித் துணியால் இறுக்கிக் கட்டினார். வாய்க்குள் போனால்தான் ஊமத்தை விஷம், வெளியே வைத்தால் வெறும் இலை என்பது எங்கள் ஊர்க் கணக்கு. நானும் அப்படித்தான் நம்பினேன்.

மறுநாள் காலையில் அவர் தண்ணீர் கேட்டார். குடித்ததும் மறுபடி கேட்டார். உடம்பு அனலாகக் கொதித்தது, அந்த வெயிலிலும் ஒரு பொட்டு வியர்வை இல்லை. கண்ணைப் பார்த்தேன். கருமணி நாவற்பழம் மாதிரி விரிந்து கிடந்தது. என்னை யாரென்று கேட்டார்.

டாக்டரிடம் போகிறோமே என்று மாமியார் இலையை அவிழ்த்துத் துடைத்து வெள்ளை வேட்டி கட்டிவிட்டார். தலையை மடியில் வைத்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று என்னையும் வண்டியில் ஏற்றினார்கள்.

வழி முழுக்க அவர் கை ஓயவில்லை. இரண்டு விரலால் காற்றைக் கிள்ளினார், கிள்ளியதை என் மடியில் போட்டார்.

"இன்னா பண்ற நீ?" என்றேன், அழுதுகொண்டே.

"பூப் பறிக்கிறேன். இந்தாமே, மடியப் புடி. இது பட்டணத்துக்கு இல்ல, உனக்கு."

நான் மடியைப் பிடித்தேன்.

டாக்டர் பிளாஸ்திரியைப் பிய்த்தெறிந்தார். இது ஒன்றால் மட்டும் இவ்வளவு ஆகாதே என்று முகம் சுளித்தார். "வேற என்ன மருந்து குடுத்தீங்க?"

"சத்தியமா ஒண்ணும் குடுக்கலங்க" என்றார் மாமனார். அது பொய்யில்லை. இலையை அவர் மருந்துக் கணக்கில் வைத்ததே இல்லை. மாமியாரும் தலையாட்டினார்.

அப்படியானால் மூளைக்காய்ச்சலாக இருக்கும், பட்டணத்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றார் டாக்டர். மாட்டுவண்டியில் பட்டணம் போய்ச் சேருவதற்குள் இவர் தாங்குவாரா? மாமனார் எதிரில் நான் அதுவரை வாய் திறந்ததில்லை. எங்கள் வீட்டு வழக்கம் அப்படி. அன்றைக்கு வழக்கத்தைப் பார்த்தால் ஆள் போய்விடுவார்.

"ஊமத்தை எல வச்சிக் கட்டியிருந்துது. பிளாஸ்திரி மேலயே" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"எல மருந்தாடி?" என்று மாமியார் சீறினார்.

டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். "அம்மா, பிளாஸ்திரியில இருக்கிறதும் அந்த இலையில இருக்கிறதும் ஒரே மாதிரி விஷம். ரெண்டும் தோல் வழியாவே உள்ள போவும்" என்று சத்தம் போட்டபடியே சோப்பும் வெந்நீரும் கேட்டார். முதுகைக் கழுவினார்கள், ஊசி போட்டார், இருட்டறையில் கிடத்தி நெற்றியில் ஈரத்துணி போட்டார். பொழுது சாயும்போது வியர்த்தது. அந்த வியர்வையை முந்தானையால் துடைத்தபோது எனக்கு வந்த சந்தோஷம் பிள்ளை பிறந்தபோதுகூட வரவில்லை.

காற்றைக் கிள்ளினாரே, அது என்ன என்று டாக்டரிடம் கேட்டேன். ஒரு தடவை வாய் திறந்தவள் அப்புறம் மூடவேயில்லை. இந்த விஷம் ஏறினால் எல்லாரும் அப்படித்தான் காற்றைத் துழாவுவார்கள் என்றார் அவர்.

என் வீட்டுக்காரருக்கு எதுவும் ஞாபகமில்லை. "நான் எங்க பறிச்சேன்? முதுகே நிமிரல" என்று அடித்துச் சொன்னார். முதுகு தேறியதும் பூவும் பழையபடி பட்டணம் போனது. எனக்கும் பூ வேண்டுமென்று அவரோடு பலமாகத்தான் சண்டை போட்டேன்.

இப்போது அவர் இல்லை. கையைத் துழாவ வைத்தது விஷம்தான், டாக்டர் சொன்னால் சரி. மடியைப் பிடி என்று சொன்னதும் விஷம்தானா என்று மட்டும் அன்றைக்கு நான் டாக்டரிடம் கேட்கவில்லை.