ஒரு தெரு நெட்டை அணைத்த மதியம்

காலை 6.50. திருநெல்வேலி சந்திப்பில் இறங்கும்போதே சாரல் பிடித்துக்கொண்டது. கோயம்புத்தூரிலிருந்து ரயில் சொன்ன நேரத்துக்கு வந்து சேர்ந்ததே பெரிய சங்கதி. வாசலில் வாடகைக் கார் ஓட்டுநர் சுடலைமுத்து அண்ணாச்சி காத்திருந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு. நாள் வாடகை டீசலோடு 2,800 ரூபாய் என்று முன்பே பேசியிருந்தோம். காரில் ஏறியதும் பையிலிருந்து மூன்று போன்களை எடுத்து முன்பக்கக் கண்ணாடிக்குக் கீழே வரிசையாக ஒட்டினேன். மனிதர் ஓரக்கண்ணால் பார்த்தபடி வண்டியை எடுத்தார். பேட்டை தாண்டும்வரைதான் பொறுமை இருந்தது.

"மூணு போனு எதுக்கு மேடம்? யாவாரமா?"

என் பிழைப்பை அவருக்கு விளக்கினேன். உலகத்தில் எத்தனை பேருக்குப் போனும் இணையமும் கைக்கு எட்டியிருக்கின்றன என்று ஆண்டுதோறும் கணக்கெடுக்கிறார்கள். ஆப்பிரிக்காவில் ஒரு கிராமத்தில் கேட்கும் அதே கேள்வியைத்தான் அம்பாசமுத்திரம் பக்கத்திலும் கேட்க வேண்டும். அப்போதுதான் ஒன்றோடு ஒன்றை ஒப்பிட முடியும். அந்தக் கேள்விகள் நம் ஊர் வாய்க்குச் சரியாக வருகின்றனவா என்று முன்கூட்டியே வீடு வீடாகப் போய்க் கேட்டுப் பார்ப்பது என் வேலை. கூடவே இந்த மூன்று போன்களும் மூன்று கம்பெனிச் சிம்களோடு வழியெல்லாம் சிக்னலை அளந்துகொண்டே வரும்.

"அளந்து?"

"உலகம் எவ்வளவு தூரம் முன்னேறியிருக்குன்னு சொல்லுவாங்க."

"சரிதான். அந்த உலகத்துல நாங்களும் உண்டும்லா?" என்றார். கிண்டலா, அக்கறையா என்று பிடிபடவில்லை.

காலை 7.30. சேரன்மகாதேவிக்கு முன்னால் சாலையோரக் கடையில் டீ, 15 ரூபாய். சும்மா சொல்லக்கூடாது, நல்ல டீ. இரு பக்கமும் நடவு முடிந்த வயல்கள். ஒரு வரப்பில் பெண்ணொருத்தி நெகிழிப் பையில் சுற்றிய போனை இடுப்பில் செருகிக்கொண்டு யாருடனோ உரக்கச் சண்டை போட்டபடி நடந்தாள். இரண்டு கையிலும் நாற்றுக்கட்டு. மீன்காரர் ஒருவர் தன் மொபெட்டின் பெட்டியிலேயே பணம் வாங்கும் கட்டம்போட்ட அட்டையை ஒட்டியிருந்தார். எங்கள் அலுவலகத்தில் முன்னேற்றம் என்றால் வளைகோடு மேலே ஏறும். இங்கே அது மீன் வாசத்தோடு முன்னால் போய்க்கொண்டிருந்தது. கல்லிடைக்குறிச்சி தாண்டிப் பாலத்தில் ஏறியபோது தாமிரபரணி இரு கரையும் தொட்டு ஓடியது. அண்ணாச்சி கேட்காமலேயே வேகத்தைக் குறைத்தார்.

காலை 9.15. விக்கிரமசிங்கபுரம். சந்திப்பிலிருந்து 48 கிலோமீட்டர் என்றது கார். நூல் ஆலையை ஒட்டி வளர்ந்த ஊர். வேலைக்குப் போகிற சைக்கிள்கள் பஸ்ஸுக்கே வழிவிடுவதில்லை. நாங்கள் போக வேண்டிய தெரு ஊரின் மேற்கு ஓரம். தெரு முடிகிற இடத்தில் மலை எழும்பி நிற்கிறது. பார்க்க அழகு, போனுக்குத்தான் ஆகாது. மூன்று போன்களில் இரண்டு உடனே செத்தன. ஒன்றில் மட்டும் மெலிதாக உயிர் இருந்தது.

குடியிருப்புகளில் காரை ஓரிடத்தில் நிறுத்தி, போன்களைப் பல மணி நேரம் ஓடவிட வேண்டும் என்பது விதி. அவை பெரிய கோப்பு ஒன்றைத் தாமாகவே இறக்கும், அழிக்கும், மறுபடி இறக்கும். எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று பதிந்துகொள்ளும். தெருமுனை வேம்படியில் காரை நிறுத்தி, போன்களை ஓடவிட்டு, நான் தெருவுக்குள் இறங்கினேன்.

முதல் வீடு பேச்சியம்மாளுடையது. நாற்பத்தைந்து வயதிருக்கும். கணவர் ஆலை வேலைக்குப் போயிருந்தார். முன்னறையில் ஏழெட்டுப் பெண்கள் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். விரல்கள் ஓடுகிற வேகத்தில் எனக்குக் கண்ணைக் கட்டியது.

"உக்காருங்க. என்ன கேக்கணுமோ கேளுங்க. கைதான் வேலை செய்யுது, வாய் சும்மாதான் இருக்கு" என்றார் பேச்சியம்மாள்.

கேட்டேன். கடந்த மூன்று மாதத்தில் இணையம் பயன்படுத்தினீர்களா?

"அதெல்லாம் எனக்கு எங்க தெரியும். இல்லன்னு போடுங்க."

அடுத்தவளும் இல்லை என்றாள். அதற்கடுத்தவளும் இல்லை. மாரி என்று ஒரு பக்கத்து வீட்டுக்காரி, வாய்க்காரி, அவளும் உதட்டைப் பிதுக்கினாள். அறை முழுக்க இல்லை. எனக்குச் சந்தேகம் தட்டியது. ஏனென்றால் பேச்சியம்மாளுக்கு எதிரே அரிசி டப்பாவில் ஒரு போன் சாய்ந்து நின்றது. அதில் ஒரு சமையலறை விட்டு விட்டுத் தெரிந்தது. ஆளில்லை, ஆனால் எங்கோ குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

"இது என்னது?"

"இது நீங்க கேட்ட இணையம் இல்ல. இது இசக்கில்லா" என்றார். "எம் மக. குவைத்துல இருக்கா. காலையில எந்திச்சதும் போட்டு வச்சிருவோம். அவ அங்கன வீட்டு வேலையப் பாப்பா, நான் இங்கன சுத்துவேன். பேசிக்கிட்டே இருக்கணும்னு இல்ல. அப்பப்போ சத்தம் கேட்டாப் போதும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உலகமெங்கும் கேட்கிற கேள்வி இங்கே வந்து குப்புற விழுந்தது. நாள் முழுக்க இணையத்திலேயே குடித்தனம் நடத்துகிறவர், இணையமே தெரியாது என்கிறார். இணையம் என்றால் ஆபீசில் கம்ப்யூட்டரில் பார்ப்பது என்று நினைத்தோம் என்றாள் மாரி. மகளை மகள் என்றுதானே சொல்வார்கள்? கேள்வியை எப்படிக் கேட்டிருக்க வேண்டும் என்று அங்கேயே உட்கார்ந்து மாற்றி எழுதினேன். அன்றைய வேலை பலித்துவிட்டது என்று எனக்கு உச்சி குளிர்ந்தது.

அப்போதுதான் கவனித்தேன், போனில் தெரிந்த சமையலறைக்குள் வந்து குழாயை மூடியது ஒரு ஆண்.

"மருமவன்" என்றார் பேச்சியம்மாள். "அவள ஆசுபத்திரியில சேத்தாச்சு. பை எடுக்க வந்த இடத்துல போனை அவியளே போட்டு விட்டிருக்காவ. இன்னைக்கு ஆபரேசன்."

கை நிற்கவில்லை, குரல்தான் இறங்கியது. இசக்கிக்கு இது முதல் பிரசவம். இங்கே தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். ஏழாம் மாதம் வளைகாப்பு முடித்துக் கூட்டி வருவதாக எல்லாம் பேசி, வீட்டுக்கு வெள்ளைகூட அடித்தாகிவிட்டது. ரத்தக் கொதிப்பு, விமானத்தில் ஏறவே கூடாது என்று அங்கே டாக்டர் சொல்லிவிட்டார். பேச்சியம்மாள் போகலாமென்றால் விசா கிடைக்கவில்லை.

"நம்ம நேரத்துக்குப் பன்னண்டரை, அங்க பத்து மணி. உள்ள கூட்டிட்டுப் போவதுக்கு முன்னால கூப்பிடுவா. 'அம்மா, உம் மூஞ்சியப் பாத்துட்டுத்தான் உள்ள போவேன்'னு நேத்தெல்லாம் ஒரே அழுவை. அஞ்சு நிமிசம் விடுவாவளாம். நான் அவளப் பாத்து ஒரு வார்த்தை சொல்லிட்டா எனக்குப் போதும்."

நான் மற்ற வீடுகளுக்குப் போனேன். ஆனால் மனம் இந்த வீட்டிலேயே நின்றது. பன்னிரண்டு மணிக்கெல்லாம் திரும்பி வந்துவிட்டேன்.

மதியம் 12.05. மாரி தட்டைக் கீழே வைத்தாள். சேலையில் ஒட்டிய தூளைத் தட்டிவிட்டுத் தெரு நடுவில் போய் நின்றாள்.

"ஏட்டி, பேச்சி மைனி மவளுக்கு நேரமாச்சு. எல்லாரும் நெட்டை அமத்துங்க."

அவ்வளவுதான் சொன்னாள். ஒரு வீட்டில் ஓடிக்கொண்டிருந்த சீரியல் பாதி வசனத்தில் நின்றது. மாடியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்த கல்லூரிப் பையன் ஏதோ முனகிக்கொண்டே போனைச் சட்டைப்பையில் போட்டான். தெருக்கோடி மளிகைக்கடைக்காரர் பணம் வாங்கும் அட்டையை உள்ளே எடுத்து வைத்துவிட்டு, வந்தவரிடம், "இப்ப ரொக்கம்தான் அண்ணாச்சி, இல்லன்னா பொறவு குடுங்க" என்றார். வந்தவர் ஏன் என்று கேட்கவில்லை.

நான்தான் கேட்டேன்.

"மலை மறைக்குதுல்லா, இந்தத் தெருவுக்கு ஒரு கம்பெனி டவருதான் எட்டும்" என்றாள் மாரி. "எல்லாரும் சேந்து இழுத்தா ஒருத்தருக்கும் உருப்படியா வராது. அதனால யாருக்காவது முக்கியமான போனுன்னா மத்தவிய அமத்திருவோம். போன மாசம் மேல வீட்டுப் பிள்ளைக்கு வேலைக்கு இன்டர்வியூ வச்சாவ. அதுக்கும் அமத்துனோம். சாவு வீட்டுக்கு, பொண்ணு பாக்குததுக்கு, எல்லாத்துக்கும் உண்டு."

அடேயப்பா என்று நின்றுவிட்டேன். எத்தனையோ ஊர்களில் சிக்னல் அளந்திருக்கிறேன். இருக்கிற கொஞ்சத்தை மொத்தமாகத் திரட்டி ஒருத்தி கையில் கொடுக்கிற தெருவை நான் பார்த்ததில்லை.

மதியம் 12.25. போன் அடித்தது. பேச்சியம்மாள் கையைக் கழுவித் துடைத்துத் தயாராக இருந்தார். திரையில் பச்சை உடுப்பும் பாதி முகமும் வந்து அப்படியே உறைந்தன. "அம்மா... கேக்கு..." என்றது குரல். பிறகு கரகரப்பு. அறுந்தது. மறுபடி அடித்தது. மறுபடியும் அதே பாதி முகம்.

"எவ வீட்டுல ஓடுது?" என்று மாரி தெருவுக்கு ஓடினாள். மாடிப் பையனைத்தான் முதலில் பிடித்தாள். அவன் போனை நீட்டிக் காட்டினான். "அமத்தித்தான் வச்சிருக்கேன் அத்தை. நீங்களே பாருங்க." உண்மைதான். வீடு வீடாகக் கேட்டுவிட்டு வந்தார்கள். எல்லாம் அணைந்துதான் இருந்தது. பேச்சியம்மாள் முகத்தில் ஈயாடவில்லை. "அஞ்சு நிமிசந்தான் விடுவாவ" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

அப்போது ஓட்டுநர் அண்ணாச்சி குடிக்கத் தண்ணீர் கேட்டு வாசலில் வந்து நின்றார். "மேடம், உங்க நடு போனு கொதிக்குது. தொட முடியல. பரவால்லயா?"

எனக்குச் சுரீரென்று உறைத்தது. தெரு மொத்தமும் வாயைக் கட்டி மிச்சம் பிடித்ததை, வேம்படியில் நின்ற என் போன் ஒன்று தனியாக உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கிறது! யாருக்கும் எட்டுகிறதா என்று அளக்க வந்தவள் நான். செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். மூன்றையும் அணைத்தேன். அவசரத்தில் ஒன்று கீழே விழுந்தது. எடுக்க நிற்கவில்லை.

நான் திரும்ப ஓடிவந்தபோது திரையில் முழு முகம் இருந்தது. வட்ட முகம், அழுது வீங்கிய கண். பேச்சியம்மாள் போனை இரு கையாலும் பிடித்திருந்தார்.

"பயப்படாதட்டி. அம்மா இங்கனதான் இருக்கேன். எங்கயும் போவல. நீ பதறாமப் பையப் போயிட்டு வா."

அந்தப் பெண் தலையை ஆட்டினாள். யாரோ போனை வாங்கினார்கள். படம் அணைந்தது.

தெருவில் யாரும் நெட்டைத் திரும்பப் போடவில்லை. அப்படி இருக்கும்படி யாரும் சொல்லவில்லை. சோறு எடுத்து வைத்தார்கள், பேச்சியம்மாள் தொடவில்லை. மதியம் 1.20க்கு மருமகன் கூப்பிட்டார். வெள்ளைத் துணிச் சுருளுக்குள் சிவப்பாக ஒரு முகம், சாரல் சத்தத்தையும் மீறி ஒரு வீறல். பெண் குழந்தை. "தாயும் நல்லாருக்கா?" என்று மூன்று முறை கேட்டு உறுதி செய்த பிறகுதான் பேச்சியம்மாள் அழுதார். மாரியும் அழுதாள். நானும் அழுதேன், ஒளிக்கவில்லை.

"போட்டுக்கோங்க பிள்ளைகளா" என்று பேச்சியம்மாள் வாசலில் நின்று சொன்னார். தேங்கிக் கிடந்த செய்திகள் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் வந்து விழுந்தன. தெருவே கிணுகிணுத்தது.

என் போன் செய்த காரியத்தைச் சொன்னேன். பேச்சியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். "சோலிக்கு வந்த இடத்துல ஒங்களுக்கு என்ன தெரியும்? புதுசா யாரு வந்தாலும் நாங்கதான் சொல்லணும். இன்னைக்குப் பதட்டத்துல விட்டுட்டோம். இனிப்பு சாப்புட்டுட்டுத்தான் போவணும்." மளிகைக்கடைச் சீனி மிட்டாயை மாரி என் வாயிலேயே போட்டாள்.

மாலை 4 மணிக்குக் கிளம்பினோம். போன்களை நான் திரும்ப ஓட்டவில்லை.

கோயம்புத்தூர் வந்து மூன்றாம் நாள் மேலாளர் அழைத்தார். விக்கிரமசிங்கபுரத்துப் பதிவில் மதியத்திலிருந்து வெறும் வெற்றிடமாக இருக்கிறதே, அங்கே இணைப்பே இல்லையா என்று கேட்டார். இருந்தது, ஒருத்தருக்குக் கொடுத்திருந்தார்கள் என்றேன். அதைப் போட எங்கள் படிவத்தில் கட்டமே இல்லை.

எங்கள் அடுக்ககத்தில் அறுபது வீடுகள். வீட்டுக்கு வீடு தனி இணையக் கம்பி, அறைக்கு அறை வேகம். எங்கள் கணக்குப்படி இதற்கு மேல் முன்னேற இடமில்லை. அன்று மாலை கதவைத் திறந்து எதிர்வீட்டுக் கதவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒரு அவசரம் வந்து, அந்தக் கதவைத் தட்டி, அரை மணி நேரம் நெட்டை அணைத்து வையுங்கள், என் பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்று கேட்பேனா? கேட்கலாம். அதற்கு முதலில் அந்த வீட்டில் இருப்பவர் பெயர் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.