கிடாரத்தடியில் நின்ற எனக்கு வந்த வரி

வுப்பர்டாலில் நான் வேலை செய்த தொழிற்சாலையை மூடியபோது எனக்குக் கவலையை விடக் கோபம்தான் கூட வந்தது. வேலையில்லாத காலத்துக்கு அரசாங்கம் தருகிற பணத்துக்கு வரி கிடையாது என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். நான் எதையும் லேசில் நம்புகிறவன் இல்லை. என்ன கெட்ட நேரமோ, இதை மட்டும் நம்பினேன்.

அந்த வருடம் முழுக்க அப்படியே ஓடியது. மனைவி முதியோர் இல்லத்துச் சமையலறைக்கு வேலைக்குப் போனாள். பிறகு ஓர் அண்ணை சொல்லிவிட்டதில் எனக்கும் பாண் சுடுகிற தொழிற்சாலையில் இடம் கிடைத்தது. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அகதி முகாமில் என்னோடு ஒரே அறையில் இருந்தவர் அவர். சொந்தம் என்று சொல்ல எங்களுக்கு இந்த ஊரில் அந்த ஒரு வீடுதான். என் பிள்ளைகள் அவரைப் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவார்கள்.

அந்த வருடத்துக்கான வரிக் கணக்கை இருவருக்குமாகச் சேர்த்துக் கொடுத்தோம். வழக்கம்போல் கொஞ்சம் திரும்பி வரும் என்று மனைவி ஒரு சோபாவைப் பார்த்து வைத்திருந்தாள். வந்ததோ, நாங்கள் கட்டவேண்டும் என்ற கடிதம்.

ஹம்பேர்க்கில் இருக்கிற மச்சானுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவனும் அதே வருடம் வேலையில்லாமல் இருந்தவன். அவனிடம் ஒரு சதமும் கேட்கவில்லையாம். அது வேறு மாநிலம், அங்கே சட்டம் வேறு என்றான். தெரியாத விஷயத்தை அடித்துச் சொல்வதில் அவன் கெட்டிக்காரன். என் மூளை வேறு பக்கம் ஓடியது. சட்டமாவது மண்ணாவது, யாரோ என்னைப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

போட்டுக் கொடுக்க ஒரு விஷயம் இருந்தது. நான் வேலையில்லாமல் இருந்தபோது அண்ணையின் மூத்த மகள் பெரியபிள்ளையாகிச் சாமத்தியச் சடங்கு நடந்தது. மண்டபம் நிறைந்த சனத்துக்குச் சமைத்தது நான். காசுக்கு அல்ல. எங்கள் ஆட்களின் கொண்டாட்டத்தில் ஒருவர் சமைப்பார், ஒருவர் மண்டபம் சோடிப்பார், அடுத்த முறை ஆள் மாறும். வீடியோக்காரரோ அந்தப் பிள்ளையை விட என்னைத்தான் கூடுதலாகப் பிடித்திருந்தார். கிடாரத்துக்குள் அகப்பையை விட்டுக் கிண்டுகிறேன், வியர்வை துடைக்கிறேன், உள்ளங்கையில் விட்டு உப்புப் பார்க்கிறேன். பின்னால் சினிமாப் பாட்டு வேறு. அந்த வீடியோவின் பிரதிகள் கனடா வரைக்கும் போயிருந்தன. வரிக் கந்தோரில் இருக்கிற அதிகாரி ஒருவர் அதைப் பார்த்தால் என்னை முழுநேரச் சமையல்காரன் என்றுதானே நினைப்பார்?

அதன் பிறகு கோவிலில் என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் எல்லாரும் எனக்குச் சந்தேகமாகவே தெரிந்தார்கள். சிரிக்காதவர்கள்மேல் இன்னும் சந்தேகம். கடைசியில் அண்ணை வீட்டுக்கே போனேன்.

"சடங்கு வீடியோவை ஆர் ஆருக்குக் குடுத்தனீங்கள் அண்ணை?"

ஏன் என்று கேட்டார். சொன்னேன்.

"அப்ப நான் காட்டிக் குடுத்தனான் எண்டு நினைக்கிறியோ?"

"நான் அப்பிடிச் சொல்லேல்லை."

சொல்லவில்லைதான். ஆனால் இல்லை என்றும் என் வாயில் வரவில்லை. அவர் அலுமாரியைத் திறந்து, மிச்சமிருந்த பிரதிகளை ஒரு பையில் போட்டு என் கையில் தந்தார். அண்ணையின் மனைவி, எங்களுக்கு அக்கா, சமைத்துக்கொண்டிருந்த குசினியை விட்டு வெளியே வரவேயில்லை.

வரிக் கந்தோருக்கு ஒரு பிரதியைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு போனேன். கேட்டால், இது சடங்கு, இது சம்பளமில்லாத சமையல் என்று போட்டுக் காட்டத் தயாராகத்தான் போனேன். அங்கிருந்த பெண் பொறுமையாக விளக்கினார். நான் எடுத்த பணத்துக்கு வரி இல்லையாம். ஆனால் மனைவியின் சம்பளத்துக்கு எத்தனை வீதம் வரி என்று பார்க்கும்போது அந்தப் பணத்தையும் சேர்த்துப் பார்ப்பார்களாம். அதனால் வீதம் ஏறுமாம், ஏறிய வீதம் அவளுடைய சம்பளத்தில் விழுமாம். வரியை வாங்குவது மாநிலத்துக் கந்தோர் என்றாலும் சட்டம் நாடு முழுக்க ஒன்றுதானாம். மச்சானின் மனைவி வேலைக்குப் போவதில்லை. ஏறிய வீதம் விழுவதற்கு அந்த வீட்டில் சம்பளம் இல்லை, அவ்வளவுதான்.

யாராவது என்னைப் பற்றி எழுதினார்களா என்று கேட்டேன். எதைப் பற்றி என்று அவர் திருப்பிக் கேட்டார். நான் கோட்டுப் பையைக் கையால் பொத்திக்கொண்டு எழும்பி வந்துவிட்டேன். வரியில்லாத பணத்தால் வரி கூடுமென்றால் அதற்கும் வரி என்றல்லாமல் வேறென்ன பெயர்? அந்த விளக்கத்தில் எனக்கு இன்றைக்கும் நம்பிக்கை இல்லை.

அண்ணையிடம் போய், அது மனைவியின் சம்பளத்தால் வந்ததாம் என்றேன். நல்லது என்றார்.

இரண்டாவது மகளின் சடங்குக்கும் வீட்டுக்கு வந்து என்னைத்தான் சமைக்கக் கேட்டார். எனக்குப் பெரிய நிம்மதி. அன்றைக்கு வீடியோக்காரர் சமையலறை வாசல் வரை வந்தார், எட்டிப் பார்த்தார், திரும்பிப் போனார். உள்ளே வரச் சொல்லி நானே கூப்பிட்டேன். அண்ணை குறுக்கே வந்தார்.

"நான்தான் வேண்டாமெண்டு சொன்னனான். பிறகு உனக்கு ஏதும் கரைச்சல் வரக்கூடாதெல்லே."

குரலில் கோபம் இல்லை. என்மேல் அக்கறையில் சொன்னாரா, இல்லை குத்திக் காட்டினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. நான் அப்போது வேலையில்லாதவன் இல்லை என்பது அவருக்குத் தெரியும். பாண் தொழிற்சாலைக்கு என்னைக் கையோடு கூட்டிக்கொண்டு போனதே அவர்தான்.

அந்த வீடியோவின் பிரதி எங்களுக்கும் வந்தது. அதில் என் மனைவி இருக்கிறாள், பிள்ளைகள் இருக்கிறார்கள், நான் சமைத்த சோற்றை எல்லோரும் சாப்பிடுகிறார்கள். நான் ஓரிடத்திலும் இல்லை.